டிரான்ஸ்பார்மருக்குப் பெயர்த்தகடு உண்டு, என் தாடைக்கு இல்லை

"சார், உங்க வாயில இருக்கிற ஸ்க்ரூ எந்தக் கம்பெனி?"

தஞ்சாவூரில் அந்தப் பல் மருத்துவர் இப்படிக் கேட்டபோது நான் வாயைப் பிளந்தபடி நாற்காலியில் சாய்ந்து கிடந்தேன். வாயை மூடிவிட்டுப் பதில் சொல்லலாம் என்று பார்த்தால், சொல்வதற்குப் பதில் இல்லை.

மின்வாரியத்தில் 33 வருடம் வேலை பார்த்தவன் நான். ஹெல்பராகச் சேர்ந்து, வயர்மேன், லைன் இன்ஸ்பெக்டர் என்று படிப்படியாக ஏறி, 2019இல் போர்மேனாக ஓய்வு பெற்றேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எந்தத் தெருமுனை டிரான்ஸ்பார்மரைக் காட்டினாலும் அது 63 கே.வி.ஏ.வா 100 கே.வி.ஏ.வா, எந்தக் கம்பெனி, எந்த வருடம், கடைசியாக எப்போது எண்ணெய் பார்த்தோம் என்று ரிஜிஸ்டரைத் திறக்காமலே சொல்வேன். வயல் நடுவே நிற்கும் இரும்புப் பெட்டியின் ஜாதகமே தெரிந்தவனுக்கு, தன் தாடை எலும்புக்குள் நாலு வருடமாகக் கிடக்கும் டைட்டானியம் யார் செய்தது என்று தெரியவில்லை.

"தெரியாது டாக்டர்."

"சைஸ்?"

"தெரியாது."

"போட்டவங்க கார்டு, ஸ்டிக்கர் மாதிரி ஏதாவது குடுத்தாங்களா?"

என் மனைவி கைப்பையைத் துழாவி ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினாள். அதன் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் 4,20,000 என்று எழுதி அடியில் ஒரு கோடு இழுத்திருந்தது. அவ்வளவு பெரிய வேலைக்கு எங்களிடம் இருந்த ஒரே தஸ்தாவேஜு அதுதான்.

வாய் முழுக்கப் பல் கட்டிக்கொண்டு, அது கெட்டுப்போய், மறுபடியும் முதலிலிருந்து கட்டியவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வேலை எப்படிக் கெடும், கெட்ட வேலையை எப்படித் திருத்துவார்கள் என்பது கொஞ்சம் தெரியும்.

முதலில் என் பக்கத்துப் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். வெற்றிலை, சீவல், புகையிலை மூன்றும் இருபது வயதில் தொற்றிக்கொண்டவை. ராத்திரி ஃபால்ட் என்று போன் வந்தால் மடியில் பொட்டலம் இல்லாமல் கிளம்ப மாட்டேன். தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கமும் உண்டு. நறநறவென்று சத்தம் கேட்பதாகக் கல்யாணமான புதிதிலேயே மனைவி சொன்னாள். ஐம்பது வயதுக்குள் கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் இரண்டிரண்டாகப் போய்விட்டன. பின்னால் ஆள் இல்லாததால் மென்று அரைக்கும் வேலை முழுக்க முன்னால் இருந்த பற்களின் தலையில் விழுந்து, அவை பாதியாகத் தேய்ந்தன. 2016இல் சர்க்கரையும் வந்து சேர்ந்தது. ஆக, ஆரோக்கியமான வாயை யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

2020 தை மாதம் மகள் கல்யாணம். ஓய்வூதியப் பணம் கையில் இருந்தது. போட்டோவில் பொக்கையாகத் தெரியக் கூடாது என்று ஒரு வீம்பு. ஒரே வாரத்தில் புதுப் பல் என்று விளம்பரம் செய்த நகரத்து கிளினிக் ஒன்றுக்குப் போனேன். முகூர்த்தத்துக்கு இன்னும் 19 நாள்தான் இருக்கிறது என்று சொன்னவன் நான்தான். அவர்கள், "தாராளமா முடிச்சிடலாம், ஒன்பது நாள் போதும்" என்றார்கள். சொன்னபடி முடித்தும் கொடுத்தார்கள். 24 பல்லுக்கு கேப், அதில் 11 பல்லுக்கு ரூட் கேனால், பல் இல்லாத நாலு இடத்தில் இம்பிளான்ட் என்கிற ஸ்க்ரூ, அந்த ஸ்க்ரூ மேலும் அதே வாரத்தில் கேப். கல்யாணத்தில் எல்லாரும் பத்து வயது குறைந்துவிட்டது என்றார்கள். ஆல்பத்தில் பார்த்தால் இப்போதும் அப்படித்தான் தெரிகிறது.

மறுவீட்டு விருந்திலேயே தெரிந்துவிட்டது. பேசினால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முட்டிக்கொண்டன. "போகப் போகப் பழகிடும்" என்றார்கள். பழகவில்லை. சாயங்காலம் ஆனால் நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண் என்று தெறிக்கும். 2021இல் முன்பல் கேப் ஒன்றின் வெள்ளைப் பூச்சு சில்லாகப் பெயர்ந்து உள்ளே சாம்பல் நிற உலோகம் எட்டிப் பார்த்தது. வலது பக்க ஸ்க்ரூ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆடும்; போய் முடுக்கிக்கொண்டு வருவேன். நட்டு திரும்பத் திரும்பத் தளர்ந்தால், அதை முடுக்கிக்கொண்டே இருப்பது வேலையில்லை, ஏன் தளர்கிறது என்று பார்ப்பதுதான் வேலை என்று என் ஆட்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அதே நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய் முடுக்கிக்கொண்டிருந்தேன். 2022 கடைசியில் ஒருநாள் போனபோது கிளினிக் இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. 2023இல் அந்த ஸ்க்ரூ முறுக்கு தின்னும்போது முறிந்தது. பேரனுக்கு அப்போதுதான் பேச்சு வந்த வயசு. "தாத்தா வாய் டக்டக்" என்றான். அவனுக்கு அது விளையாட்டு.

மறு வேலைக்கு மூன்று இடம் ஏறி இறங்கினேன். முதல் ஆள் ஓபிஜி எக்ஸ்ரே ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டு மொத்தமாக இம்பிளான்ட் என்றார், தொகையும் சொன்னார். இரண்டாவது ஆள் ஒரு வாரத்தில் எல்லா கேப்பையும் மாற்றித் தருவதாகச் சொன்னார். அவரும் தொகை சொன்னார். இரண்டு பேரும் பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்கவில்லை. முதல் வேலை ஏன் கெட்டது என்று இருவருமே கேட்கவில்லை. எரிந்துபோன டிரான்ஸ்பார்மரை இறக்கிவிட்டு, ஏன் எரிந்தது என்று பார்க்காமல் புதிதை ஏற்றினால் புதிதும் எரியும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

மூன்றாவதாக நான் பார்த்தவர்தான் அந்தத் தஞ்சாவூர் மருத்துவர். பல் கட்டுவதையே சிறப்புப் பாடமாக எடுத்து எம்.டி.எஸ். படித்த பெண்மணி. முதல் நாள் கேள்விதான் கேட்டார். இரண்டாம் நாள் போட்டோ, அளவு, ஸ்கேன். நீலத் தாளைக் கடிக்கச் சொன்னார்; நம் பழைய கார்பன் பேப்பர் மாதிரி. எங்கெங்கே கடி பலமாக விழுகிறதோ அங்கெல்லாம் நீலப் புள்ளி. கண்ணாடியில் காட்டினார். வலது பக்கம் மூன்று பற்களில் மட்டும் மைக்கறை அப்பியிருந்தது, இடது பக்கம் ஏறக்குறைய வெறுமை. எனக்குச் சட்டென்று புரிந்தது. மூன்று ஃபேஸில் ஒன்றில் மட்டும் ஊரின் லோடு முழுவதையும் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் என் வாயில் நடந்திருக்கிறது.

அன்றைக்கு அவர் சொல்லிக்கொடுத்த இன்னொரு விஷயத்தை வாசகரும் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். உதட்டை மூடி, ஒன்றும் பேசாமல், மெல்லாமல் சும்மா இருங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டா இருக்கின்றன? இருக்காது. பெரும்பாலானவர்களுக்கு நடுவில் 2 முதல் 4 மில்லிமீட்டர் சந்து இருக்கும். தாடைத் தசைகள் ஓய்வெடுப்பது அந்தச் சந்தில்தான். தேய்ந்த பற்களை உயர்த்திக் கட்டும்போது எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு இந்தச் சந்துதான் கணக்கு. என் முதல் வேலையில் போட்டோவுக்கு அழகாக இருக்கட்டும் என்று பல்லை நீளமாக்கி அந்தச் சந்தையே விழுங்கியிருந்தார்கள். அதனால் என் பற்கள் ராப்பகலாகத் தொட்டுக்கொண்டே இருந்தன. பேரன் கேட்ட டக்டக் அதுதான்.

தொகையை, நான் மூன்றாவது முறை போனபோதுதான் சொன்னார். 6,35,000 ரூபாய். எழுத்தில் கொடுத்தார், பக்கம் பக்கமாக. அதில் ஒரு வரி: பழைய கேப்பைக் கழற்றிப் பார்த்த பிறகு சில பற்களைக் காப்பாற்ற முடியாமல் போகலாம்.

கழற்றிய நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கேப்பை நெம்பி எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி நெம்பினால் அடியில் இருக்கும் பல்லின் கட்டை முறிந்து கேப்போடு வந்துவிடுமாம். அதனால் ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழாகக் கீறி, இரண்டாகப் பிளந்துதான் எடுக்கிறார்கள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே வெட்டினாலும் உலோகம் கீச்சிடும். அந்தச் சத்தம் காதுக்குள் கேட்காது, மண்டை ஓட்டுக்குள் கேட்கும். மேல் முன்பற்கள் ஆறும் ஒரே துண்டாக வார்த்திருந்தார்கள். அதை எடுக்க மட்டும் முக்கால் மணி நேரம், இரண்டு வெட்டுமுனை மழுங்கிப் போனது.

துண்டு பிரிந்ததும் ஒரு வாடை வந்தது. மழைக்காலத்தில் அடைத்துக் கிடந்த சாக்கடை மூடியைத் திறந்தால் வருமே, அந்த வாடை. மாஸ்க் போட்டிருந்த உதவியாளர் பெண்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்டிய கேப்பைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெளிப்பக்கம் பளபள. உள்பக்கம் ஒட்டிய சிமென்ட் இரண்டு இடத்தில் மட்டும் இருந்தது. மீதி இடமெல்லாம் ஊறிய அவல் மாதிரி பழுப்பாக ஏதோ கொழகொழத்தது. கண்ணாடியில் என் சொந்தப் பல்லைப் பார்த்தேன். ஆறில் இரண்டு, நனைந்த அட்டை மாதிரி கறுத்து, மருத்துவரின் கருவி பட்டதும் உதிர்ந்தது. வலிக்கவே இல்லை. ரூட் கேனால் செய்த பல்லில் நரம்பு இல்லை. அதனால் சொத்தை உள்ளே பரவும்போது அது சத்தம் போடாது. ஆறையும் சேர்த்து வார்த்திருந்ததால் ஒன்று கெட்டால் ஆடித் தெரிவிக்கவும் வழியில்லை, பக்கத்துப் பல் தாங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

கேப்புக்குப் பத்து வருட உத்தரவாதம் என்று வாயால் சொல்லியிருந்தார்கள். சொன்னது பொய் என்றும் சொல்ல முடியாது. கேப் நன்றாகத்தான் இருந்தது. அடியில் பல்தான் இல்லை.

24இல் நாலு போனது. மிச்சம் 20.

மறு வேலையில் மிகப் பெரிய இழப்பு பணம் என்றுதான் கேட்பவர்கள் நினைக்கிறார்கள். பணம் போனால் பென்ஷனில் இழுத்துப் பிடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறை கேப் போடும்போதும் பல்லைச் சுற்றிலும் சீவுகிறார்கள். சீவிய எனாமல் திரும்ப வளராது. இரண்டாம் முறை கட்டுபவருக்குக் கிடைப்பது முதல் ஆள் விட்டுவைத்தது மட்டும்தான். மூன்றாம் முறை என்று ஒன்று வந்தால் எதன் மேல் கட்டுவார்கள்?

அடுத்து ஸ்க்ரூக்கள். வாயில் இருந்த நாலில் வலது முன்னது முறிந்து, சுற்றியிருந்த எலும்பும் கரைந்து, எடுத்தே ஆக வேண்டிய நிலை. மற்ற மூன்றும் எலும்பில் உறுதியாக இருந்தன. உறுதியாக இருந்து என்ன பயன்? ஒவ்வொரு கம்பெனி இம்பிளான்ட்டுக்கும் உள்வாய் அமைப்பு வேறு, மேலே பொருத்தும் துண்டு வேறு, திருப்பும் முனையின் அளவு வேறு. எதுவென்று தெரியாமல் கை வைத்தால் மரை கெடும். மருத்துவர் எக்ஸ்ரேவில் தெரிந்த மரையின் சாய்வையும் அடிமுனையின் வடிவத்தையும் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த மருத்துவர்களுக்கும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் படம் அனுப்பி விசாரித்தார். ஐந்து வாரம் ஆனது. இடது பக்கம் இரண்டும் ஒரே கம்பெனி என்று பிடிபட்டது. வலது பின்பக்கம் இருந்தது அந்தக் கம்பெனி இல்லை என்பது மட்டும் தெரிந்தது. ஒரே வாயில், ஒரே வாரத்தில், வெவ்வேறு கம்பெனிச் சரக்கு. எது கையில் கிடைத்ததோ அதைப் போட்டிருக்கிறார்கள்.

அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. இம்பிளான்ட் வரும் சின்னப் பெட்டியிலேயே உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் இருக்கிறது. கம்பெனி பெயர், மாடல், விட்டம், நீளம், தொகுதி எண் எல்லாம் அதில் அச்சாகியே வருகிறது. கேஸ் ஷீட்டில் ஒன்று ஒட்டிவிட்டு, நோயாளியிடம் ஒன்று கொடுப்பதற்காகத்தான் அது. யாரும் ஆராய்ச்சி செய்து எழுத வேண்டியதில்லை, உரித்தால் போதும். என்னுடைய நாலு ஸ்டிக்கரும் அன்றைக்கே ரத்தப் பஞ்சோடு குப்பைக் கூடைக்குப் போயிருக்கும்.

அவசரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்று கண்டுபிடித்தவர் சுவீடன் நாட்டுக்காரர் பெர் இங்வார் பிரானேமார்க். 1950களில் முயலின் காலெலும்பில் வைத்த டைட்டானியக் கருவி, பிறகு எடுக்கப் போனால் வர மறுத்ததில் தொடங்கிய கதை. 1965இல் கோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் வைத்தார். 2006இல் லார்சன் சாகும்வரை, அதாவது நாற்பது வருடத்துக்கும் மேல், அது உழைத்தது. பிரானேமார்க் வகுத்த பழைய முறையில் ஸ்க்ரூவை வைத்துவிட்டுக் கீழ்த்தாடை என்றால் மூன்று மாதம், மேல்தாடை என்றால் ஆறு மாதம் போலக் காத்திருந்து அப்புறம்தான் பல் வைப்பார்கள். பிற்காலத்தில் லிஸ்பனில் பாலோ மாலோ போன்றவர்கள் அன்றைக்கே பல் வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதுவும் நல்ல முறைதான் என்கிறார் என் மருத்துவர்; ஆனால் ஆள் பார்த்து, எலும்பு பார்த்துச் செய்ய வேண்டியது. அன்றைக்கே வைப்பதும் பெரும்பாலும் தற்காலிகப் பல்தான், நிரந்தரப் பல் சில மாதம் கழித்து. நம் ஊர் விளம்பரத்தில் இந்த இரண்டாவது பாதி வருவதில்லை. சர்க்கரை, புகையிலை, பல்லைக் கடிக்கும் பழக்கம் என்று மூன்றும் உள்ள ஒருவனுக்கு ஒன்பதாம் நாள் நிரந்தரப் பல் என்பது, எர்த் போடாத கம்பத்தில் ஏறுவதற்குச் சமம்.

முதலில் தற்காலிகம், பிறகு நிரந்தரம் என்பது எங்கள் தொழிலிலும் உண்டு. கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் சாய்ந்தன. 2018 நவம்பர் 16 விடிந்தபோது வேதாரண்யம் பக்கம் நின்ற கம்பத்தைவிட விழுந்த கம்பம்தான் அதிகம். முதலில் நாங்கள் கொடுத்தது தற்காலிக லைன்தான். குடிநீர் மோட்டாருக்கும் ஆஸ்பத்திரிக்கும் முதலில் கரண்ட், அப்புறம் ஊருக்கு, பிறகுதான் சாவகாசமாகக் கம்பத்தை ஆழமாக நட்டு நிரந்தர லைன். எந்த இடத்தில் லோடு எவ்வளவு, எந்த வளைவில் கம்பி இழுக்கிறது என்பதெல்லாம் அந்தத் தற்காலிக லைன் ஓடும்போதே தெரிந்துவிடும். தஞ்சாவூர் மருத்துவர் என் வாயிலும் இதைத்தான் செய்தார். ஆறு வாரம் ஒரு பிளாஸ்டிக் தட்டைக் கடித்துக்கொண்டு படுத்தேன். அப்புறம் எல்லாப் பல்லுக்கும் பிளாஸ்டிக்கில் டெம்பரவரி கேப். அதை ஏழு மாதம் போட்டிருந்தேன். வீட்டில் எல்லாருக்கும் சலித்துவிட்டது. "இன்னும் ஒரிஜினல் வைக்கலையா?" என்று சம்பந்தி வீட்டில்கூடக் கேட்டார்கள்.

அந்த ஏழு மாதமும் அவர் அந்தப் பிளாஸ்டிக்கைத்தான் திருத்திக்கொண்டிருந்தார். ஒருமுறை, "ச-வுல ஆரம்பிக்கிற ஊர்ப்பேரா சொல்லுங்க சார்" என்றார். சிக்கல், சீர்காழி, சேத்தியாத்தோப்பு என்றேன். சீர்காழியில் காற்று சீட்டியடித்தது. முன்பல்லின் உள்பக்கம் எங்கேயோ தேய்த்தார். மறுபடி சீர்காழி. "இப்ப வ-வுல" என்றார். வேதாரண்யம், வாய்மேடு, வடுவூர், வலங்கைமான். கீழுதட்டை மேல்பல் தொடுமிடம் சரியாக வரும்வரை வலங்கைமானுக்கு எட்டுத் தடவை போய்வந்தேன். லைன் எடுத்த ஊர்களெல்லாம் இப்படி உதவும் என்று நினைத்ததில்லை. நிரந்தரப் பல்லைச் செய்ய லேபுக்குப் போனது அந்தப் பிளாஸ்டிக் பல்லின் அச்சுதான். எது பழகிப்போயிருந்ததோ அதையே சிர்கோனியாவில் செய்தார்கள். எவற்றைத் தனித்தனியாக வைக்க முடியுமோ அவற்றைத் தனித்தனியாகவே வைத்தார்கள். மொத்தம் 14 மாதம் ஆனது. ராத்திரிக்கு ஒரு காவல் தட்டும் கொடுத்திருக்கிறார். புகையிலையை விட்டாகிவிட்டது. சீவல் எப்போதாவது உண்டு, டாக்டரிடம் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

இனி நான் சொல்ல வந்தது. முதல் கிளினிக் மேல் வழக்குப் போடலாமா என்று வக்கீல் நண்பர் ஒருவரைக் கேட்டேன். மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது, அதில் தடையில்லை என்றார். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும் என்றார். அப்புறம், "பில் எங்கே?" என்றார். விசிட்டிங் கார்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். என்ன போட்டார்கள் என்று தெரியாமல், போட்டது தப்பு என்று எப்படி வாதாடுவது?

மருத்துவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கிளினிக் வாடகையும் மிஷின் தவணையும் கழுத்தை நெரிக்கும்போது, பதினாலு மாதம் ஆகும் என்று சொல்பவரை விட்டுவிட்டு ஒன்பது நாள் என்பவரிடம் போகிறவர்கள் என்னைப் போன்ற நோயாளிகள்தான். மறு வேலைக்கு ஒருவரை எடுத்துக்கொள்ளும் மருத்துவர் முன்னவர் செய்த தப்பையும் சேர்த்துச் சுமக்கிறார். நாளைக்கு ஒன்று கழன்றால் பழி அவர் மேல்தான். பலர் மறு வேலை என்றாலே கையெடுத்துக் கும்பிடுவது அதனால்தான். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்டிக்கரை உரித்து ஒரு அட்டையில் ஒட்ட எந்தத் தவணையும் குறுக்கே வராது.

மின்வாரியத்தில் எல்.சி. என்கிற லைன் கிளியர் வாங்காமல் யாரும் கம்பத்தில் கை வைக்கக் கூடாது. யார் வாங்கினார், எந்த லைன், எத்தனை மணிக்கு, எப்போது திருப்பிக் கொடுத்தார் எல்லாம் எழுத்தில் இருக்கும். எழுதச் சோம்பல்பட்டு ஆள் செத்த கதைகள் எனக்குத் தெரியும். அந்தப் பழக்கத்திலிருந்து வந்தவன் என்பதால் என் கோரிக்கையும் அந்த அளவுக்குத்தான். ஒருவர் வாயில் இம்பிளான்ட்டோ வரிசையாக கேப்போ வைத்தால், அவர் வெளியே போகும்போது கையில் ஒரு அட்டை இருக்க வேண்டும். எந்தப் பல்லில் என்ன, எந்தப் பொருள், எந்த லேப், எந்தத் தேதி, ஒட்டியதா முடுக்கியதா, ஸ்க்ரூவின் ஸ்டிக்கர், தொடங்குவதற்கு முன் எடுத்த எக்ஸ்ரேவின் பிரதி. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் கொண்டுவந்த மருத்துவச் சாதனச் சட்டம், உடலில் பதிக்கும் சாதனங்களுக்கு நோயாளியிடம் அட்டை தர வேண்டும் என்கிறது. அதே 2017இல் நம் நாட்டிலும் மருத்துவச் சாதன விதிகள் வந்தன. அதில் இல்லாவிட்டால் சேர்க்கட்டும், இருந்தால் கேட்டு வாங்கட்டும். வயலில் நிற்கும் டிரான்ஸ்பார்மரில் பெயர்த்தகடு ஆணியடித்து வைக்க முடிகிற நாட்டில் இது நடக்காதா?

சட்டம் வரும்வரை நாமே கேட்டு வாங்கலாம். பல்லைத் தொடுவதற்கு முன்பே, "முடிஞ்சதும் அட்டை தருவீங்களா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிற இடத்தில் நாற்காலியில் ஏற வேண்டாம். ஏற்கெனவே கெட்டுப்போய் மறு வேலைக்கு அலைகிறவர்கள், கையில் காசு குறைவாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். சென்னையில் இருக்கிறது, சிதம்பரத்தில் இருக்கிறது, புதுக்கோட்டையிலும் இருக்கிறது. வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் உங்கள் வாயை விற்பனைக் கணக்காகப் பார்க்க அங்கே யாருக்கும் காரணம் இல்லை. நான் அந்த யோசனை வராமலே இரண்டு இடத்தில் ஏமாறப் பார்த்தேன்.

என் அட்டை இப்போது ரேஷன் கார்டும் பென்ஷன் புத்தகமும் இருக்கும் தகரப் பெட்டியில் இருக்கிறது. மடித்தால் சட்டைப்பையில் அடங்கும். 20 பல்லுக்கும் எதிரே சிர்கோனியா, லேபின் பெயர், தேதி. இடது கீழ்ப்பக்கம் இரண்டு இம்பிளான்ட், கம்பெனியும் அளவும். வலது பக்கம் முறிந்ததை எடுத்த குழியில் எலும்பு வளரும்வரை பொறுத்திருந்து வைத்த புது இம்பிளான்ட், அதன் ஸ்டிக்கர் பளிச்சென்று ஒட்டியிருக்கிறது. அதற்கும் பின்னால் இருக்கிற, யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாத அந்த ஒன்றை எடுக்கவில்லை. எடுத்தால் நரம்புக்கு ஆபத்து என்று ஈறுக்குள்ளேயே மூடித் தூங்க விட்டிருக்கிறார்கள். அதன் மேல் பல் கிடையாது. அட்டையில் அதற்கும் ஒரு வரி உண்டு. கம்பெனி என்ற கட்டத்தில் மருத்துவர் ஒரு கேள்விக்குறி போட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தையும் தேதியையும் போட்டிருக்கிறார்.